ஒரே நிரல், பல வாசல்கள்: ‘செலக்ட்’, ‘போல்’, ஈபோல், ஐஓ யூரிங் இவற்றில் எதை எடுப்பது?

லாரி எடை மேடை ஒன்றில் ஓடும் சிறிய லினக்ஸ் நிரலை எடுத்துக்கொள்வோம். எடை காட்டும் கருவி சீரியல் போர்ட் வழியாக எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அலுவலக அறையிலுள்ள ஐந்தாறு கணினிகள் டிசிபி இணைப்பில் அந்த எண்களுக்காகக் காத்திருக்கின்றன. ரசீது அச்சிடும் துணை பிராசஸ் (தனியாக ஓடும் இன்னொரு நிரல்) ஒரு பைப் வழியே தன் நிலையைச் சொல்கிறது. பத்து நொடிக்கு ஒருமுறை கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு டைமர் வேண்டும். நிர்வாகி சிக்னல் அனுப்பினால் அமைப்புக் கோப்பை மறுபடி படிக்கவும் வேண்டும். இவற்றில் எது முதலில் வரும் என்று யாருக்கும் தெரியாது. சீரியல் போர்ட்டில் தரவைப் படிக்கும் ‘ரீட்’ அழைத்துவிட்டு நிரல் உட்கார்ந்துவிட்டால் மற்ற எல்லாம் கவனிப்பாரின்றிக் கிடக்கும்.

தரவு வரும் இத்தனை வாசல்களையும் ஒரே நிரல் ஒரே நேரத்தில் கவனிக்க, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தரும் வசதிகளே ‘செலக்ட்’, ‘போல்’, ஈபோல், ஐஓ யூரிங். இவற்றில் எதை எடுப்பது? இந்தக் கேள்வியை இணையத்தில் தேடினால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ஈபோல். எனக்கு அதில் உடன்பாடில்லை. இப்படிப்பட்ட நிரல்களில் பத்தில் ஒன்பதுக்கு ‘போல்’ போதும். ‘செலக்ட்’ புதிய நிரல் எதிலும் நுழையக் கூடாது. ஈபோலுக்கு உரிய இடம் ஒன்று உண்டு. அது பலர் நினைப்பதைவிடக் குறுகியது. ஐஓ யூரிங் இவற்றோடு ஒரே வரிசையில் வைக்கப்படுகிறது, ஆனால் அது தீர்க்கும் சிக்கல் வேறு.

ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் த்ரெட்களை முதலில் பார்த்து நகர்ந்துவிடலாம். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு த்ரெட் என்பது எழுத எளிது, படிக்க அதைவிட எளிது. லினக்ஸில் ஒரு த்ரெட்டின் ஸ்டாக்குக்கு வழக்கமாக 8 எம்பி முகவரி இடம் ஒதுக்கப்படுகிறது. உண்மையில் தொட்ட பக்கங்களுக்கு மட்டுமே நினைவகம் செலவாகிறது என்பதால் ஐந்தாறு த்ரெட்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. தலைவலி வேறிடத்தில் இருக்கிறது: ‘ரீட்’ அழைப்பில் முடங்கிக் கிடக்கும் த்ரெட்டை, நிரலை நிறுத்தும்போது, ஒழுங்காக எழுப்பி வெளியே அனுப்புவது எப்படி? இதற்கு விடை தேடினால் கடைசியில் ‘போல்’ அழைப்பிடமே வந்து நிற்பீர்கள். கோ மொழியில் எழுதுபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே கோருட்டீன் எனப்படும் இலகுவான த்ரெட் 2 கேபி ஸ்டாக்கில் தொடங்குகிறது, அடியில் ஈபோலை அந்த மொழியின் இயக்கச் சூழலே நடத்திக்கொள்கிறது. 2023-இல் வந்த ஜாவா 21-இன் விர்ச்சுவல் த்ரெட்களும் ஏறக்குறைய அதே வசதியைத் தருகின்றன. சி, சி++, ரஸ்ட் எழுதுபவர்கள்தான் கீழே உள்ளதைப் படிக்க வேண்டியவர்கள்.

‘செலக்ட்’ 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் வந்தது. அது மூன்று பிட் தொகுதிகளை வாங்கிக்கொள்கிறது: படிக்க, எழுத, விதிவிலக்கு நிலைகளுக்கு என்று. திறந்த கோப்பு, பைப், சாக்கெட் (பிணைய இணைப்பின் முனை) ஒவ்வொன்றுக்கும் கர்னல் தரும் எண்தான் டிஸ்கிரிப்டர். எந்த டிஸ்கிரிப்டர்களைக் கவனிக்க வேண்டுமோ அவற்றின் பிட்டை ஏற்றி அனுப்புகிறோம்; தயாரானவற்றின் பிட்களை மட்டும் விட்டுவைத்துக் கர்னல் திருப்பித் தருகிறது. கொடுத்த தொகுதியையே அழித்துத் திருப்புவதால் ஒவ்வொரு சுற்றிலும் அதை மறுபடி கட்டியாக வேண்டும். லினக்ஸில் கால வரம்பையும் அது மாற்றிவிடுகிறது. மீதமுள்ள நேரம் அதில் எழுதப்படுகிறது. அதைக் கவனிக்காமல் அதே மாறியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் காத்திருப்பு குறைந்துகொண்டே போய்ப் பூஜ்யமாகி, நிரல் ஒரு சிபியுவை முழுதாக விழுங்கும்.

இவை சகித்துக்கொள்ளக்கூடிய எரிச்சல்கள். சகிக்க முடியாதது 1024 என்ற எல்லை. இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது: அது எத்தனை டிஸ்கிரிப்டர்களைக் கவனிக்கிறோம் என்ற எண்ணிக்கையின் எல்லை அல்ல, டிஸ்கிரிப்டரின் எண்ணுக்கான எல்லை. நீங்கள் கவனிப்பது ஒரே ஒரு சாக்கெட்டாக இருக்கலாம். நிரலின் வேறொரு மூலையில் ஆயிரத்துச் சொச்சம் கோப்புகள் திறந்து கிடந்தால் அந்தச் சாக்கெட்டுக்கு 1100 என்ற எண் கிடைக்கும். அதன் பிட்டை ஏற்றும்போது தொகுதிக்கு வெளியே உள்ள நினைவகத்தில் எழுதுவீர்கள். பாதுகாப்புச் சோதனைகளோடு தொகுக்கப்பட்ட நிரல் அங்கேயே நின்றுவிடும். மற்றது தொடர்ந்து ஓடும். தொடர்பே இல்லாத வேறொரு இடத்தில், வேறொரு நாளில் விழும். லைப்ரரி எழுதுபவர்களுக்கு இது இன்னும் ஆபத்து, ஏனெனில் தங்களை அழைக்கும் நிரலில் எத்தனை கோப்புகள் திறந்திருக்கும் என்று அவர்களால் கணிக்கவே முடியாது. புதிய நிரல்கள் ‘செலக்ட்’டை விட்டுவிட்டு ‘போல்’ அல்லது ஈபோலுக்குப் போக வேண்டும் என்று லினக்ஸின் கையேட்டுப் பக்கமே எச்சரிக்கிறது. பின்னணிச் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி இன்றும் அவற்றுக்குத் திறந்த கோப்புகளின் மென் வரம்பை 1024 என்றே வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம்; கடின வரம்பு 524288 வரை இருக்கிறது. ‘செலக்ட்’டைத் தொடாத நிரல் தன் மென் வரம்பைத் தானே உயர்த்திக்கொள்ளலாம்.

‘போல்’ சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸிலிருந்து வந்தது. இங்கே பிட் தொகுதி இல்லை. ஓர் அணி இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் டிஸ்கிரிப்டர், எதை எதிர்பார்க்கிறோம், எது நடந்தது என்ற மூன்று புலங்கள். கேட்டதும் கிடைத்ததும் தனித்தனிப் புலங்கள் என்பதால் அணியை ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டியதில்லை. டிஸ்கிரிப்டரின் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கவலையில்லை. ஒரு பதிவைத் தற்காலிகமாக ஒதுக்க வேண்டுமென்றால் அந்தப் புலத்தில் எதிர்ம எண்ணைப் போட்டால் போதும், கர்னல் அதைத் தாண்டிச் சென்றுவிடும். (வெறும் கழித்தல் குறி போடாதீர்கள், டிஸ்கிரிப்டர் 0-க்கு அது வேலை செய்யாது. பிட்களைத் தலைகீழாக்குவது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.)

எடை மேடை நிரலை இதில் எழுதுவதில் இரண்டு இடங்கள் கவனம் கேட்கும். முதலாவது, எழுதத் தயாரா என்ற கேள்வி. சாக்கெட் பெரும்பாலான நேரம் எழுதத் தயாராகவே இருக்கும். அனுப்ப எதுவும் இல்லாதபோதும் அதைக் கேட்டுவைத்தால் ‘போல்’ ஒவ்வொரு முறையும் உடனே திரும்பிவிடும், நிரல் வெட்டியாகச் சுழலும். அனுப்ப முடியாமல் மிஞ்சிய தரவு கையில் இருக்கும்போது மட்டுமே அதைக் கேட்க வேண்டும். இரண்டாவது, எதிர்முனை மூடப்பட்ட நிலை. ரசீது பிராசஸ் செத்துவிட்டால் பைப்பில் ‘ஹேங்கப்’ நிலை வரும். அதை நீங்கள் கேட்காவிட்டாலும் கர்னல் சொல்லும், பைப்பை மூடும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும். படிக்கத் தரவு இருக்கிறதா என்பதை மட்டும் சோதிக்கும் நிரல் இதைப் பார்க்காமலே 100 சதவீத சிபியுவில் ஓடும். நள்ளிரவில் சர்வர் சூடாகிறது என்று அழைப்பு வந்தால் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

‘போல்’ மீதுள்ள குற்றச்சாட்டு அதன் வேகம். ஒரு பதிவு 8 பைட். 10,000 இணைப்புகள் என்றால் ஒவ்வொரு அழைப்பிலும் 80,000 பைட்டுகள் கர்னலுக்குள் நகலாகின்றன. அதைவிடக் கனமானது உள்ளே நடப்பது: எதுவும் தயாராக இல்லாவிட்டால் அந்த 10,000 டிஸ்கிரிப்டர்களின் காத்திருப்பு வரிசைகளிலும் கர்னல் உங்கள் பெயரைச் சேர்க்கிறது, ஒன்றில் ஏதாவது வந்ததும் எல்லாவற்றிலிருந்தும் பெயரை நீக்குகிறது. அடுத்த அழைப்பில் அதையே திரும்பச் செய்கிறது. 1999-இல் டான் கெகல் 10,000 இணைப்புகளை ஒரே சர்வரில் சமாளிப்பது பற்றி எழுதி, அதற்கு ‘சி10கே’ என்ற பெயர் நிலைத்தபோது, பேசப்பட்ட தடைகளில் இதுவும் ஒன்று. ஆனால் நம் எடை மேடையில் பத்து வாசல்கள்தான். நகலாவது 80 பைட். இதற்காக ஈபோலுக்கு ஓடுவதில் பொருளில்லை.

சிக்னலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கையால் எழுதிய பழைய நிரல்களில் பாதி இங்கேதான் ஓட்டையாக இருக்கின்றன. சிக்னல் வந்ததா என்று ஒரு கொடியைச் சோதித்துவிட்டு ‘போல்’ அழைக்கிறீர்கள். அந்தச் சோதனைக்கும் அழைப்புக்கும் நடுவில் சிக்னல் வந்தால்? கொடி ஏறிவிட்டது, நிரலோ உறங்கப் போய்விட்டது. இதற்கு மூன்று மருந்துகள் உண்டு. டி. ஜே. பெர்ன்ஸ்டைன் சொன்ன பழைய உத்தி, சிக்னல் கையாளியிலிருந்து தனக்குத்தானே ஒரு பைப்பில் ஒரு பைட் எழுதிக்கொள்வது. இது எல்லா யூனிக்ஸிலும் வேலை செய்யும். இரண்டாவது, ‘பிபோல்’: சிக்னல் முகமூடியை (எந்தச் சிக்னல்களைத் தடுத்துவைப்பது என்ற பட்டியலை) மாற்றுவதையும் உறங்கப் போவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்கிறது. மூன்றாவது, லினக்ஸுக்கே உரிய வழி: சிக்னலையும் டைமரையும் நிகழ்வு அறிவிப்பையும் டிஸ்கிரிப்டராகத் தரும் சிக்னல்எஃப்டி, டைமர்எஃப்டி, ஈவென்ட்எஃப்டி ஆகியவை 2007, 2008 ஆண்டுகளில் வந்தன, 2019-இல் 5.3 கர்னலில் பிராசஸ்களுக்கும் டிஸ்கிரிப்டர் கிடைத்தது. எல்லாமே டிஸ்கிரிப்டர்களாகிவிட்டதால் சிக்னல், டைமர், துணை பிராசஸின் மரணம் எல்லாம் ஒரே அணியில் பதிவுகளாக உட்கார்ந்துவிடுகின்றன. லினக்ஸில் மட்டும் ஓடும் நிரலென்றால் இந்த மூன்றாவதையே எடுங்கள்.

இனி ஈபோல். டேவிட் லிபென்சி எழுதியது, 2002-இல் 2.5.44 சோதனைக் கர்னலில் சேர்ந்து, 2.6 வழியாக எல்லோருக்கும் வந்தது. ஆர்வப் பட்டியலை ஒவ்வொரு முறையும் சுமந்து செல்வதற்குப் பதிலாகக் கர்னலிடமே விட்டுவைக்கிறோம். ஒரு டிஸ்கிரிப்டரைச் சேர்க்கும்போது அதன் காத்திருப்பு வரிசையில் ஒரே ஒருமுறை பதிவு நடக்கிறது. தரவு வந்ததும் அந்தப் பதிவு தன்னைத் தயார்ப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. காத்திருக்கும் அழைப்பு அந்தப் பட்டியலை மட்டும் எடுத்து வருகிறது. 10,000 இணைப்புகளில் பத்து மட்டும் பேசினால் வேலை பத்துக்குத்தான்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஈபோலின் வெற்றி இணைப்புகளின் மொத்த எண்ணிக்கையால் வருவதல்ல. உறங்குபவை மிகப்பல, விழித்திருப்பவை மிகச்சில என்ற விகிதத்தால் வருவது. அரட்டை சர்வர், நீண்ட நேரம் திறந்திருக்கும் வெப்சாக்கெட் இணைப்புகள், எஞ்சின்எக்ஸ் போன்ற வெப் சர்வர்கள் ஆகியவற்றுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. நூறு இணைப்புகளும் எப்போதும் பேசிக்கொண்டே இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் மங்கிவிடும். இணைப்புகள் வந்ததும் போய்விடும் குறுகிய ஆயுள் கொண்டவையென்றால், ஒவ்வொன்றையும் சேர்க்கவும் மாற்றவும் தனித்தனி சிஸ்டம் கால் (கர்னலுக்கான அழைப்பு) செலவாவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஈபோலில் இரண்டு போக்குகள் உண்டு. லெவல் முறையில், தரவு மிச்சமிருக்கும்வரை ஒவ்வொரு முறையும் நினைவூட்டும். ‘போல்’ செய்வதும் இதுதான். எட்ஜ் முறையில், புதிதாக ஏதாவது வந்தபோது மட்டும் சொல்லும். அப்போது சாக்கெட்டை நான்-பிளாக்கிங் ஆக்கி (தரவு இல்லாவிட்டால் காத்திருக்காமல் உடனே திரும்பும்படி), ‘இப்போதைக்கு ஒன்றும் இல்லை’ என்று பொருள்படும் ஈஅகெய்ன் பிழை வரும்வரை படித்துத் தீர்க்க வேண்டும். பாதியில் விட்டால் மிச்சத்தைப் பற்றிக் கர்னல் மறுபடி சொல்லாது; எதிர்முனை பதிலுக்குக் காத்திருக்க, நீங்கள் அறிவிப்புக்குக் காத்திருக்க, இருவரும் அப்படியே உறைந்துவிடுவீர்கள். முழுதும் படித்தே தீருவேன் என்று நின்றால், வேகமாக அனுப்பும் ஒரு வாடிக்கையாளர் மற்ற எல்லோருடைய முறையையும் தின்றுவிடுவார். எஞ்சின்எக்ஸ் எட்ஜ் முறையில் ஓடுகிறது, தரவுத்தளமான ரெடிஸ் லெவல் முறையில் ஓடுகிறது. இரண்டும் வேகத்துக்குப் பெயர் போனவை. ஆகவே எட்ஜ் முறைதான் வேகம் என்று யாராவது சொன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். எந்த முறையானாலும் சாக்கெட் நான்-பிளாக்கிங்காகவே இருக்கட்டும்: படிக்கத் தயார் என்று கர்னல் சொன்ன பிறகும், செக்சம் என்ற பிழைச் சோதனையில் தவறிய ஒரு யுடிபி பொட்டலம் தூக்கியெறியப்பட்டால் ‘ரீட்’ முடங்கிப்போகலாம்.

இன்னொரு பள்ளம் ஆழமானது. ஈபோல் பதிவு டிஸ்கிரிப்டர் எண்ணோடு மட்டும் ஒட்டியிருப்பதில்லை. அந்த எண் சுட்டும், கர்னலுக்குள் இருக்கும் திறந்த கோப்புப் பொருளோடு ஒட்டியிருக்கிறது. நீங்கள் ஃபோர்க் செய்த (உங்கள் பிராசஸைப் பிரதியெடுத்துக் கிளப்பிய) துணை பிராசஸிடம் அதன் இன்னொரு பிரதி இருந்தால், உங்கள் பக்கம் மூடிய பிறகும் நிகழ்வுகள் வந்துகொண்டே இருக்கும். அதை நீக்கலாமென்றால் நீக்குவதற்கான எண் உங்களிடம் இல்லை, மூடிவிட்டீர்கள். மூடுவதற்கு முன் பதிவை நீக்குவதும், வேறு நிரலைத் தொடங்கும்போது டிஸ்கிரிப்டரைத் தானாக மூடும் க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடியைத் திறக்கும்போதே போடுவதும் இதற்கான தடுப்பு. ரசீது பிராசஸ்போல் துணை பிராசஸ்களைக் கிளப்பும் நிரலுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஒரே தொகுப்பில் வந்த நிகழ்வுகளுக்குள்ளும் சிக்கல் உண்டு: முதல் நிகழ்வைக் கையாளும்போது டிஸ்கிரிப்டர் 7-ஐ மூடி அதன் பொருளையும் விடுவித்துவிட்டீர்கள், மூன்றாவது நிகழ்வு அதே 7-க்கான பழைய செய்தி, விடுவித்த நினைவகத்தைச் சுட்டிக்கொண்டு வருகிறது. விடுவிப்பதைத் தொகுப்பு முடியும்வரை தள்ளிவைப்பதே வழி. ‘போல்’ அழைப்பில் முதல் பள்ளம் அறவே கிடையாது, இரண்டாவதும் அணி உங்கள் கையிலேயே இருப்பதால் எளிதில் தெரிந்துவிடும்.

பல த்ரெட்கள் ஒரே சாக்கெட்டில் காத்திருந்து, ஓர் இணைப்பு வந்ததும் எல்லாமே எழுந்து முட்டிக்கொள்வதைத் தடுக்க 2016-இல் 4.5 கர்னலில் ‘எக்ஸ்க்ளூசிவ்’ கொடி வந்தது. அதைவிட, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிக் கேட்பு சாக்கெட் கொடுத்து, ஒரே போர்ட்டை அவை பகிர விடும் ரீயூஸ்போர்ட் வசதியைப் பயன்படுத்துவது எனக்குத் தெளிவாகப் படுகிறது. அது 2013 முதல், 3.9 கர்னலிலிருந்து இருக்கிறது.

மேக், ஃப்ரீபிஎஸ்டி பக்கம் ஈபோலின் இடத்தில் இருப்பது கேக்யூ. ஜொனாதன் லெமன் எழுதி 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி 4.1-இல் வந்தது. வடிவமைப்பில் ஈபோலைவிட இது மேல் என்பது என் துணிபு: சிக்னல், பிராசஸ், கோப்பு மாற்றம் எல்லாம் தொடக்கத்திலேயே ஒரே கூரையின் கீழ் சிந்திக்கப்பட்டன, பல மாற்றங்களையும் காத்திருப்பையும் ஒரே அழைப்பில் முடிக்கலாம். ஆனால் நம்மில் பலருக்கு அது தேர்வாக வருவதில்லை. சர்வர் லினக்ஸ் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதுவரை பார்த்தவை எல்லாம் ‘தயாராகிவிட்டது’ என்று மட்டும் சொல்பவை. ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டது என்று தகவல் சொல்கிறார்கள். பையை எடுத்துக்கொண்டு போய் வாங்க வேண்டியது நாம்தான். ஐஓ யூரிங் பையை முன்கூட்டியே கொடுத்தனுப்பும் முறை: இந்த பஃபரில் (நினைவகத் துண்டில்) இத்தனை பைட் படித்து வை, முடிந்ததும் சொல். விண்டோஸ் இந்தப் பாதையை 1994-இல் என்டி 3.5-இன் கம்ப்ளீஷன் போர்ட்களிலேயே எடுத்துவிட்டது. லினக்ஸுக்கு யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ஐஓ யூரிங் 2019 மே மாதம் 5.1 கர்னலில் வந்தது. வேண்டுகோள்களுக்கு ஒரு வளையம், முடிவுகளுக்கு ஒரு வளையம். இரண்டும் நிரலுக்கும் கர்னலுக்கும் பொதுவான நினைவகத்தில் இருப்பதால் பல வேலைகளை ஒரே சிஸ்டம் காலில் ஒப்படைக்கலாம்.

இது உண்மையில் எதற்காக வேண்டும்? சாதாரணக் கோப்புகளுக்காக. வட்டிலுள்ள கோப்பு எப்போதும் தயார் என்றே ‘செலக்ட்’டும் ‘போல்’ அழைப்பும் சொல்லும், வட்டு எவ்வளவு திணறிக்கொண்டிருந்தாலும். ஈபோல் அதைச் சேர்க்கவே மறுத்து அனுமதிப் பிழை தரும். ஆக, கோப்புகளையும் சாக்கெட்களையும் தனி த்ரெட் எதுவும் இல்லாமல் ஒரே வரிசையில் வைத்துக் காத்திருக்க லினக்ஸில் நேர்மையான வழி ஐஓ யூரிங் மட்டுமே. தரவுத்தளம், சேமிப்பக சர்வர் எழுதுபவர்கள் இதை நாடுவதில் வியப்பில்லை. 2025-இல் வந்த போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 18 இதை ஒரு விருப்பத் தேர்வாகத் தருகிறது.

விலையும் உண்டு. ஒப்படைத்த பஃபர் முடிவு வரும்வரை கர்னலுக்குச் சொந்தம். வாடிக்கையாளர் போய்விட்டார் என்று நீங்கள் அதை விடுவித்துவிட்டால் கர்னல் வேறு யாருடைய நினைவகத்திலோ எழுதும். ரத்து செய்யச் சொன்னாலும் ரத்தானதற்கான முடிவு வந்த பிறகே கை வைக்கலாம். உறங்கும் 10,000 இணைப்புகள் என்றால், நேரடியான முறையில், 10,000 பஃபர்கள் முன்கூட்டியே ஒப்படைக்கப்பட்டுக் கிடக்கும். இதைத் தவிர்க்கவே பொது பஃபர் குவியல் வசதி பின்னால் சேர்க்கப்பட்டது. அடுத்தது பாதுகாப்பு. கர்னலின் ஓட்டைகளைக் கண்டுபிடிப்போருக்கான தன் பரிசுத் திட்டத்துக்கு வந்த தாக்குதல்களில் 60 சதவீதம் ஐஓ யூரிங் வழியாக வந்தவை என்று கூகுள் 2023-இல் அறிவித்து, குரோம்ஓஎஸ்ஸிலும் தன் உற்பத்தி சர்வர்களிலும் அதை அணைத்தது. நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரின் இயல்பான செக்காம்ப் விதிகளும் (எந்த சிஸ்டம் கால்களை அனுமதிப்பது என்பவை) இப்போது அதை அனுமதிப்பதில்லை. உங்கள் நிரல் அடுத்தவர் கன்டெய்னரில் ஓடப்போகிறது என்றால் ஐஓ யூரிங் இல்லாமலும் ஓடும் மாற்றுப் பாதை ஒன்றை எழுதியே ஆக வேண்டும். இரண்டு பாதைகளை எழுதிப் பராமரிக்கும் தெம்பு இருக்கிறதா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

எடை மேடைக்கு என் பரிந்துரை: ‘போல்’, அதோடு டைமர்எஃப்டியும் சிக்னல்எஃப்டியும். எடைப் பதிவுகளை எஸ்டி கார்டில் எழுதும் வேலையை மட்டும் பிரதான சுழற்சியில் வைக்காதீர்கள். கார்டு சில நேரம் நொடிக்கணக்கில் நின்றுவிடும், அப்போது சீரியல் போர்ட்டின் பஃபர் வழிந்து எண்கள் தொலையும். ஒரே ஒரு எழுத்து த்ரெட், அதற்கு ஒரு வரிசை, முடிந்ததைச் சொல்ல ஒரு ஈவென்ட்எஃப்டி. ஐஓ யூரிங் இல்லாமலே கோப்புச் சிக்கல் தீர்ந்தது. நோட்.ஜேஎஸ்ஸின் அடியிலுள்ள லிப்யூவி லைப்ரரியும் கோப்புகளுக்குப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தது இதுதான். அதன் த்ரெட் குழுவில் இயல்பாக நான்கு பேர்.

வாசல்கள் நூற்றைத் தாண்டி, அவற்றில் பெரும்பகுதி உறங்கும் என்று தெரிந்தால் ஈபோல், லெவல் முறையில். லினக்ஸிலும் மேக்கிலும் ஓட வேண்டும், வேகம் முக்கியமில்லை என்றால் மீண்டும் ‘போல்’. வேகமும் வேண்டும் என்றால் லிப்யூவியையோ லிப்ஈவென்ட் லைப்ரரியையோ எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடலாம்.

சொந்தமாக ஒரு மெல்லிய உறை எழுத விரும்புபவர்கள் ரெடிஸின் ‘ஏஈ’ நிரலைப் படிக்கலாம்: ஈபோல், கேக்யூ, சொலாரிஸின் ஈவென்ட் போர்ட்கள், எதுவும் இல்லாத இடத்துக்குச் ‘செலக்ட்’ என்று நான்கு சிறு கோப்புகள், தொகுக்கும் நேரத்தில் ஒன்று தேர்வாகிறது. ஆனால் அது ‘தயார்’ என்ற கருத்தைச் சுற்றிக் கட்டிய உறை; நாளை ஐஓ யூரிங்குக்கு மாற நினைத்தால் மேலே உள்ள நிரலையும் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். லிப்யூவி விண்டோஸையும் தாங்க வேண்டியிருந்ததால் ‘முடிந்தது’ என்ற கருத்தைச் சுற்றியே தன் இடைமுகத்தை அமைத்தது. யூனிக்ஸில் அடியில் ஈபோலை வைத்துக்கொண்டே, தானே படித்து, தரவைக் கையில் கொடுத்து அழைக்கிறது. மாற்றம் வரக்கூடும் என்று சந்தேகித்தால் உங்கள் உறையின் செயல்பாடுகளை ‘படிக்கலாம்’ என்று அறிவிப்பவையாக எழுதாமல், ‘படித்தாயிற்று, இதோ தரவு’ என்று கொடுப்பவையாக எழுதுங்கள். அதன் அடியில் இன்றைக்கு ‘போல்’ இருந்துவிட்டுப் போகட்டும்.